இரண்டாம் ஆட்டக்காரரின் முறை

நெகிழ்வட்டின் மேல் பென்சில் எழுத்து, அவருடையது:
"விண்மீன்கள். அழித்தால் கை இருக்காது."
முந்நூறு கொருனாவுக்கு வாங்கிய வாசிப்பான்
பல்லை நறநறவென்று கடித்து
ஒருவழியாய் விழுங்கிக்கொண்டது.

ஒஸ்ட்ராவாவில் நவம்பர்.
ஜன்னலுக்கு வெளியே, பழைய உலைக் கோபுரத்தில்
சுற்றுலாக்காரர்கள் காபி குடிக்கிறார்கள்.

நானும் கோஸுபெக்கும் அங்கேதான்
மூன்றாம் கொதிகலனைப் பார்த்துக்கொண்டோம்.
அவருக்கு இரவு. எனக்குக் காலை.
ஆறு மணிக்குக் கதவருகே நான்கு நிமிடம்:
"அழுத்தம் சரி. வால்வு ஏழு முனகுகிறது.
உங்கள் முறை, அம்மணி ஹ்ருபெஷோவா."
அந்தக் கடைசி வாக்கியம்
கொதிகலனைப் பற்றியதல்ல.

அளவீட்டுக் கணினிக்குள் ஒளித்துவைத்த விண்மண்டலம்.
ஒரு ஷிஃப்டுக்கு ஒரு முறை, அதுதான் சட்டம்.
மூன்று குளிர்காலம் போரிட்டோம்.
என் பல்லி மனிதர்கள் ஏழு கோள்களில் முட்டையிட்டார்கள்.
பசியே எடுக்காத அவருடைய பாறை மனிதர்கள்
நச்சு மண்ணிலும் வீடு கட்டினார்கள்.
என் ஒற்றனைப் பிடித்த மறுநாள்
கதவருகே ஓர் ஆப்பிளை நீட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த விளையாட்டில் காலம் தானாக ஓடாது.
இருவரும் பொத்தானை அழுத்தினால்தான்
ஒரு வருடம்.

வெளியே அப்படியில்லை.
ஆலை மூடப்பட்டது எங்கள் இருவர் முறையிலும் அல்ல.
ஒரு செவ்வாய்க்கிழமை, பூட்டு.
என் பெட்டகத்தின் இடுக்கில் இந்த வட்டு.
அவர் பில்சென் பக்கம் லாரி ஓட்டுவதாகச் சொன்னார்கள்,
இல்லை, தேனீ வளர்ப்பதாக.

திரை எழுகிறது. ஆண்டு 2461.
"இரண்டாம் ஆட்டக்காரர். கடவுச்சொல்?"
அவர் ஆடாமல் போன முறை.

ஊர்ப்பெயரைத் தட்டினேன். இல்லை.
அவருடைய நாயின் பெயர் எனக்குத் தெரியாது,
நாய் இருந்ததா என்பதே தெரியாது.
பிறகு விரல்கள் தாமாகவே:
பதினேழு புள்ளி நான்கு.
மூன்றாம் கொதிகலனின் சரியான அழுத்தம்.
திறந்தது.

அடுத்தவர் சமையலறைக்குள்
ஆளில்லாதபோது நுழைந்தாற்போல் இருந்தது.
கப்பல்களுக்கு அந்த மனிதர் வைத்த பெயர்கள்!
புதன்கிழமைப் பயறு. வால்வு ஏழு.
மேலாளரின் மீசை.
கருவூலத்தில் சில்லறை.
என் எல்லையில் நிறுத்தியிருந்த,
நான் ஒரு குளிர்காலம் முழுக்க அஞ்சிய
நாற்பது போர்க்கப்பல்களில்
முப்பத்தொன்றில் பீரங்கியே இல்லை. வெறும் ஓடு.
அட பாவி மனுஷா.

மீதி ஒன்பதைத் தேடினேன்.
வரைபடத்தின் ஓரத்தில், சாம்பல் நிற முகிலுக்குள்,
என் ஒற்றர்கள் எட்டிப்பார்க்காத இடத்தில்
பிரதிகளை எல்லையில் காட்டிவிட்டு
அசலைப் பதுக்கியிருந்தார்.
எரிபொருள் உண்டு. குண்டு உண்டு.
என் தாய்க்கோளுக்கு இரண்டே முறைத் தூரம்.
வந்து சேர்ந்த ஆண்டு, 2450.
பதினோரு இரவுகள் அவற்றை அசைக்காமல் விட்டுவிட்டுக்
கதவருகே வந்து
வால்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

மறந்தாரா, விட்டுவைத்தாரா,
இன்னும் ஒன்று சேரட்டும் என்றிருந்தாரா.
பதிவேட்டில் இதற்கெல்லாம்
கட்டம் கிடையாது.

இரக்கம் என்றால் எனக்கு வேண்டாம்.
ஒன்பதையும் தேர்ந்தெடுத்து
என் வீட்டின்மீதே ஏவினேன்.
இன்னொருவருக்காக ஆடும்போது
ஒழுங்காக ஆடவேண்டும்.

"முதல் ஆட்டக்காரர். கடவுச்சொல்?"
எழுந்து, மேசையைச் சுற்றிப் போய்,
கணினியைத் திருப்பிவைத்து
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
இது நான். என் முறை.

பிறந்தநாள். இல்லை.
அம்மா குடியிருந்த தெரு. இல்லை.
பதினேழு புள்ளி நான்கு. இல்லவே இல்லை.
முப்பத்திரண்டு வயதில்
எந்தச் சொல்லை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன்?

தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.
ஒன்பது கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன.
இல்லை, எங்கே வருகின்றன,
நான் உள்ளே நுழையும்வரை
முகிலுக்குள்தான் நிற்கும்.

ஆப்பிள் என்று அடித்துப் பார்க்கிறேன்.
அதுவும் இல்லை.