காலியாக இழுத்துப் பார்த்தல்

மாருதி சேவா நகரில் ரயில்பாதைக்கு முதுகு காட்டிய
பல் லேப். பகலில் கடைவாய்ப்பல், சிரிப்புப்பல்,
யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கு அவசரமாக இரண்டு வெட்டுப்பல்.
ஏழு மணிக்கு மேல் அதே மோட்டார், அதே ஊசிமுனைகள்,
பிளாஸ்டருக்குப் பதில் பிரையர் வேர்.

கட்டை ஒன்று இரண்டாயிரத்து நானூறு.
சுங்கத்தில் பதினேழு நாள் கிடந்தது,
மரமா மருந்தா என்று கேட்டு இரண்டு கடிதம்.
ஈரத்துணியால் துடைத்தபோது
ஒரு பக்கம் தீநாக்காய் மேலேறும் ரேகை,
மறுபக்கம் நெருக்கி நெருக்கி அயிரைமீன் கண்கள்.
ரேகை ஓடிய பக்கமே கிண்ணத்தைச் சாய்த்தேன்,
நாலு டிகிரி முன்னால்.
அதுவரை எல்லாம் என் முடிவு.

பிறகு இடது கன்னத்தில் மண்குழி.
கடுகளவு. அரம் போகப் போக மிளகளவு.
வேர் வளரும்போது விழுங்கிய கல்.

புட்டி வைத்து அடைத்திருக்கலாம். எனக்கா தெரியாது,
நான் நிறம் சேர்த்த பல்லைக்
கட்டிய மனைவியே கண்டுபிடிக்க மாட்டாள்.
அடைக்கவில்லை. அந்தப் பக்கம் முழுக்க
உருண்டை முனையால் கொத்தினேன், பலாத்தோல் மாதிரி.
அலங்காரம் என்று பெயர் வைத்தேன்.

சனிக்கிழமை மகுடேஸ்வரி வந்தாள்.
பீன்யாவில் ஷூ கம்பெனியில் அச்சு வரைகிறவள்.
புகையிலை வாசனையே ஆகாது.
எந்தப் பொருளையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள்.
கவிழ்த்தாள்.
"அடியில கோடு உடையுது. இங்க,
கிண்ணம் முடிஞ்சு தண்டு தொடங்குற இடம்.
குதிகால் ஒருத்தருது, பாதம் வேற ஒருத்தருது."
நகத்தால் ஓட்டிக் காட்டினாள். தடுக்கியது.

"இந்தக் கொத்து எதுக்கு?"
பிடித்தால் சூடு தெரியாது, என்றேன்.
"அப்ப ரெண்டு பக்கமும்தான வேணும்?"
சேலம் ரயில் போய் முடிகிறவரை சும்மா இருந்தாள்.
"பயந்து கொத்துன இடம் தனியாத் தெரியும்."

குழியைச் சொன்னேன். அப்படியே விட்டிருந்தால்
கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்திருக்கும் இல்லையா
என்றேன், அழகாகச் சொல்லிவிட்ட பெருமையோடு.
"பொட்டு நாம வைக்கிறது. இது ஓட்டை.
ஓட்டைன்னே சொல்லு, விலையக் குறை."

இம்தியாஸ், எங்கள் மூவரில் புகைக்கிறவன் அவன் ஒருவன்தான்,
அதுவரை சமோசாவோடு இருந்தவன்
கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.
புகையிலை போடாமல் காலியாக இழுத்தான்.
மெல்லிய விசில், பால் குக்கர் முனகுவதுபோல.
"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றான்,
"ஆனா பாடுதே."

வாய்முனையையும் நாக்கால் துழாவிவிட்டுத் தந்தான்.
இருபது வருடமாய்ப் பல்லுக்கே உழைத்தவன்
பல்லுக்காகவே கனமாக விட்டிருக்கிறேன், ஐந்தரை மில்லிமீட்டர்.
"கை வேலையா இருந்தாத்தான் பல்லு.
மத்த நேரமெல்லாம் உதடு, மச்சான்."
உதட்டுக்கு நான் ஒன்றுமே செய்ததில்லை.

அவர்கள் போனபின் எபனைட்டைத் தேய்த்தேன்.
கந்தக வாடை, தீபாவளிக்கு மறுநாள் தெருபோல.
நாலரை. நாலு புள்ளி இரண்டு.
துளையின் வாயைப் புனலாக விரித்தேன்.
இழுத்தேன். விசில் பாதியாகியிருந்தது.
அடிக்கோட்டைச் சேர்த்தால் தண்டு மெலியும்,
மெலிந்தால் உள்ளே துளை...
வேண்டாம், அது உடைந்தே இருக்கட்டும்.

கன்னத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
வழித்தால் சுவர் மெலிந்து சுடும்,
குழி இன்னும் வாய் திறக்கும்.
விட்டால்
அவள் சொன்னது தெரிந்துகொண்டே இருக்கும்.

திங்கள் காலை டாக்டர் ஆள் அனுப்பினார்.
மேல்தாடை, முழு செட்.
பெட்டியில் வைக்கப் போனவன்
முதல்முறையாகக் கவிழ்த்துப் பார்த்தேன்.