ஐந்து வேலை நாட்கள்

நார்த்தாம்ப்டன் தேர்வறையில்
நோயாளியாக நடித்தவரிடம்
ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டேனா?
கேட்டேன்.
கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கிரிம்ஸ்பியில் இன்று வியாழன், மூன்றாம் நாள்.
மழை, மீன்வாடை.
கைபேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வார்டுக்கு வந்தேன்.
கழிப்பறைக்குப் போகிற சாக்கில்
நாலு முறை திறந்தாயிற்று:
காலணிக் கடையின் தள்ளுபடி,
இம்மாதச் சீட்டை எடுத்தது யார் என்று
ஊர்க் குழுவில் சண்டை.

அறைத்தோழி பியூலா போன வாரமே பாஸ்.
என் கண்ணில் படவேண்டாமென்று
கேக்கைப் பிரிட்ஜில் கீரைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாள்.
அவளுக்குத் தெரியாமல் ஒரு துண்டு தின்றுவிட்டேன்.

ஆறாம் படுக்கை மிஸஸ் ஹார்க்னெஸ்
மணிக்கட்டை நீட்டுகிறார்.
கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது,
நம் துடிப்பையே எண்ணிவிடுவோம்.
முதலாமாண்டுப் பாடம்.
இன்று என் பத்து விரலும் கட்டைவிரல்.

"எவ்வளவு?"
ஒரு நிமிடம் என்று சொல்லி
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்,
அவருடையது மட்டும்
தனியாகப் பிரிகிற வரை.

எழுபத்திரண்டு.
குறித்துக்கொள்கிறேன்.
பிறகு, யாரும் மதிப்பெண் போடாத அந்த இடத்தில்,
ஒவ்வாமை ஏதும் உண்டா என்கிறேன்.

"திங்கட்கிழமை" என்கிறார்,
கண்ணைத் திறக்காமலே.