பதினொரு நொடி

கல்மண்டபம் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தபோது
மணி இரண்டு பதிமூன்று.
ஜெனரேட்டர் முழித்துக்கொள்ளப் பதினொரு நொடி.
யுபிஎஸ் பேட்டரி செத்து ஐந்து மாதம்,
டெண்டர் மேலே போயிருக்கிறது.

ராயபுரம் ரத்த வங்கியில் டெல்பினா
அப்போதுதான் ஒரு பையைப் பதிந்திருந்தாள்:
பி நெகட்டிவ், முந்நூற்றைம்பது மில்லி.
திரை பச்சையில் சொன்னது: சேமிக்கப்பட்டது.

அந்தப் பச்சையை எழுதியவன் நான்.

வெளிச்சம் திரும்பியபோது
பை ஃப்ரிட்ஜில் இருந்தது,
பட்டியலில் இல்லை.

ஐந்தரைக்குப் போய் நின்றேன்,
பேண்ட் முழங்கால்வரை சுருட்டி,
செருப்பைக் கையில் பிடித்து.

எழுது என்றால் உடனே எழுதாது மேடம்.
வாங்கி நினைவில் வைத்துக்கொண்டு
ஆச்சு என்று தலையாட்டும்.
அரை நிமிடத்துக்குள் எப்போதாவது
சாவகாசமாக டிஸ்கில் இறக்கும்.
சோம்பல் இல்லை, சிக்கனம்.
ஒரு மூட்டைக்கு ஒரு நடை என்றால்
எந்த லாரிக்குக் கட்டுப்படியாகும்?

இறக்கிவிட்டு வந்து சொல், காத்திருக்கிறேன் என்று
தனியாகக் கேட்க வேண்டும்.
கேட்டால் வேகம் குறையும்.
நான் கேட்கவில்லை.

கேட்டாலும்,
டிஸ்குக்குள்ளேயே ஒரு குட்டி நினைவு உண்டு,
சிலது அங்கிருந்தே ஆச்சு என்று புளுகும்.
கோப்பு இறங்கியிருக்கும்,
பெயர் கோப்பகத்தில் ஏறியிருக்காது:
வீடு இருக்கும், கதவு எண் இருக்காது.
பிழை என்றால் ஒரே முறை சொல்லும்.
மறுபடி கேட்டால்
ஒன்றுமே நடக்காத முகம்.

‘எங்க வார்டு ஆபீசேதான்’ என்றாள்.

பிறகு இடது உள்ளங்கையை விரித்தாள்.
நீலப் பால்பாயிண்டில் பை எண், வகை, நேரம்.
‘நைட் டூட்டின்னா மொதல்ல கைல எழுதிருவேன்.
அப்புறந்தான் பையத் தொடுவேன்.’

செய்யப்போவதை முதலில் எழுதிவை,
எழுத்து நின்றபின் செய்,
நடுவில் விழுந்தால் எழுந்து அதைப் படி.
இதற்கு நாங்கள் ஜர்னல் என்று பெயர் வைத்து
மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறோம்.
மதியச் சாப்பாடு உண்டு.

விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.
அவள் கையைப் படித்தாள், நான் தட்டினேன்.
பழைய டிஸ்க் கரகரவென்று எதையோ அரைத்தது.
பச்சை
தாமதமாக வந்தது.

‘ஸ்லோ ஆயிருச்சே சார்.’
‘ஆமா.’

குழாயடியில் சோப்பை எடுத்தவள் நின்றாள்.
‘இப்ப கழுவலாமா?’

பதில் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கினேன்.
பதினொன்று எண்ணினேன்.
செருகினேன்.

‘இருக்கு’ என்றேன்.
ஈரக்கால் தடம் பதிய வந்து
பட்டியலை அவளே ஒருமுறை பார்த்தாள்.
பிறகுதான் குழாயைத் திறந்தாள்.