பதினோரு மணி நேரம் முன்னால்

மூன்று மணி நேரம் முன்னால் வந்தால் போதும் என்று
டிக்கெட்டின் அடியில் அச்சடித்திருக்கிறது.
குவைத் விமான நிலைய வாசலில் என்னை இறக்கியபோது
மாலை மூன்று நாற்பது.
சென்னை விமானம் இரவு இரண்டு நாற்பதுக்கு.

சால்மியாவில் மேடத்தின் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.
நாலரைக்கு முடி அலங்காரம், அதற்குக் கார் வேண்டும்.
"சீக்கிரம் போவது நல்லதுதானே, மரியம்" என்றாள்.
இரண்டு வருடம் நாலு மாதமாக நான் மரியம்.
டிரைவர் நஜ்முல் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தான்.
பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன்.
பவுலின் செல்வராணி,
ஒல்லியாக, கொஞ்சம் முறைத்தபடி,
உள்ளேதான் இருந்தாள்.

எந்தக் கவுண்டர் என்று கேட்டதற்கு
சீருடைக்காரர் டிக்கெட்டைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஆளில்லாத கவுண்டர் ஒன்றின் தராசில் பெட்டியை வைத்தேன்.
இருபத்தொன்பது கிலோ எண்ணூறு.
எடுத்து மறுபடி வைத்தேன். அதேதான்.
நேற்று ராத்திரி குளியலறைத் தராசில்
நானும் பெட்டியுமாக ஏறி நின்று
என்னைக் கழித்துப் போட்ட கணக்கு
துளியும் பிசகவில்லை.

அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.
ஐந்து மணி ஆயிற்று, யாருக்கும் தேநீர் வேண்டாம்.
ஆறு ஆயிற்று, எந்தச் சட்டையும் இஸ்திரிக்குக் காத்திருக்கவில்லை.
தூணோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்,
கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.
மடியில் வைத்தேன். கனத்தன.

ஏழு மணி சுமாருக்கு எதிர் வரிசையில் ஒரு பையன்
மாம்பழச்சாற்றைக் கொட்டிவிட்டான்.
அவன் அம்மா திரும்புவதற்குள்
நான் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
என் சொந்தக் கைக்குட்டையால்.
மாப்பைத் தள்ளிக்கொண்டு வந்த வங்காளி
தலையில் அடித்துக்கொள்ளாத குறை.
"உட்காரு தீதி, உட்காரு, இது என் டியூட்டி."
போய் உட்கார்ந்தேன்.
உட்காராததற்குத் திட்டு வாங்கியது
இதுதான் முதல் தடவை என்று சிரிப்பு வந்தது.

எட்டேகாலுக்கு ஒருவர் ஓடி வந்தார்,
கொச்சி விமானத்துக்கு, ஷூ கயிறு அவிழ்ந்து கிடக்க.
கவுண்டர் மூடி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.
ஐந்தாம் ரிங் ரோட்டில் விபத்து என்றார்,
மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்றார்,
கடைசியில் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.
என்னிடம் மணிக்கணக்கில் இருந்தது.
சில்லறையாகப் பத்து நிமிடம் எண்ணிக் கொடுக்க முடிந்திருந்தால்
கொடுத்திருப்பேன்.

செருப்பைக் கழற்றி, காலைப் பெட்டிமேல் நீட்டி,
கைப்பை வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தூங்கினேன்.
வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்க வேண்டும்,
தொண்டை காய்ந்திருந்தது போன் எழுப்பியபோது.
பத்தரை. மேடம்.
அடித்து ஓயும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுபடி அடித்தது.
எடுத்ததும் முதலில் வந்தது குட்டி லுல்வாவின் அழுகை,
அதற்குப் பின்னால்தான் மேடத்தின் குரல்:
அந்த மஞ்சள் மூடிப் பால்புட்டி எங்கே?
"மூணாவது தட்டு, ஏலக்காய் டப்பாவுக்குப் பின்னால்."
அலமாரிக் கதவு திறந்தது கேட்டது.
கிடைத்ததா என்று சொல்லாமலே வைத்துவிட்டாள்.
பிள்ளை குடித்தாளா என்று கேட்க எண்ணை எடுத்தேன்,
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
போனைப் பைக்குள் போட்டேன்.

பதினொன்று நாற்பதுக்குக் கவுண்டரில் விளக்கு எரிந்தது.
நான் கழிப்பறையில் முகம் கழுவி,
தலையைப் பிரித்து நிதானமாகப் பின்னிக்கொண்டிருந்தேன்.
வந்து பார்த்தால் வரிசை தூணைச் சுற்றி வளைந்திருந்தது.
எண்ணினேன். எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர்.

முன்னால் நின்ற பையன் திரும்பி,
"இப்பத்தான் வர்றீங்களாக்கா?
மூணு மணி நேரத்துக்கு முன்னாடியே வந்துடணும்" என்றான்.
"ஆமா தம்பி" என்றேன்,
"கொஞ்சம் லேட்டாயிடுச்சு."
பெட்டியைக் காலால் தள்ளினேன், ஒரு அடி.