வலது தோள்பட்டை

பதிவேட்டில் இருந்தது:
தில்லைநாயகி, முப்பத்து நாலு, வலது தோள்பட்டை,
கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மஞ்சக்குப்பம், மூன்றாவது மாடி.
நான் உள்ளே போனபோதே
கட்டிலின் ஓட்டையில் முகம் பதித்துக் கவிழ்ந்திருந்தாள்.
அங்கிருந்து பார்த்தால் என் பாதம்தான் தெரியும்,
ஷட்டர் விழுந்து நசுங்கிய நகமும்.

"கொஞ்சம் சீக்கிரம் மேடம். நாலரைக்கு கலெக்ஷன்."

குரல் தெரிந்துவிட்டது எனக்கு.
செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு
வண்ணாரப்பாளையத்தில் பாய் விரித்து
ஒருத்திக்குப் பணம் குறைந்தால்
மற்ற பதினோரு பேரையும் எழுந்துபோக விடாத குரல்.
சித்திரையில் என் எண்ணூற்றைம்பதுக்காக
வெயில் மடிக்கு ஏறும்வரை உட்காரவைத்த குரல்.

எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றினேன்.
பை வார் அழுத்திய இடம் பள்ளமாக, சற்றே கறுத்து.
அதற்கும் கீழே, எலும்பின் உள்விளிம்பில்
புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு.
தொட்டதும் நழுவியது.
மறுபடி பிடித்தேன்.

பெருவிரலை வை. உடம்பின் எடையைச் சாய்.
தொண்ணூறு எண்ணு.
தானாக விடும்வரை இரு, நசுக்காதே.
படித்தது இவ்வளவுதான்.

நசுக்கலாம்.
யாருக்குத் தெரியப்போகிறது?
வலிக்கத்தான் செய்யும் என்று
இந்தத் தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று.

நாற்பதை எண்ணும்போது தரையிடம் பேசினாள்:
"வராத பணத்த என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க.
போன மாசம் மூணு பேரு ஊரைவிட்டே போய்ட்டாங்க.
பை காலியா இருக்கிற அன்னிக்குத்தான்
தோள் இன்னும் இழுக்குது.
அது ஏன் மேடம்?"

எனக்கு அதற்குப் பாடம் நடத்தவில்லை.
அறுபது. அறுபத்தொன்று.
எழுபதுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை தவறியது,
திரும்ப அறுபதிலிருந்து தொடங்கினேன்.
விரலடியில் ஒரு துடிப்பு,
தூண்டிலை மீன் தொட்டுப் பார்ப்பதுபோல.
பிறகு விட்டது.
முழுசாக இல்லை, பாதி.

"பைய இடது பக்கம் மாத்திக்கோங்க"
என்றேன், குரலைத் தாழ்த்தி.
அவள் எழுவதற்குள்
துண்டு மடிக்கத் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை
பை இடது தோளில் வந்தது.
என் நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினாள்.
அட்டையில் கையெழுத்துப் போட்டாள்.
குனிந்த தலை நிமிரவில்லை.
பாயின் ஓரத்தில் மடங்கிக் கிடந்த என் காலை,
அந்த நகத்தை,
பார்த்துக்கொண்டே இருந்தாள்
அடுத்த பெயரைக் கூப்பிடாமல்.