தொண்ணூற்றேழு சதவீதம் பொருந்துகிறது

பள்ளத்தூர் பேரூராட்சியில்
எனக்கு நாற்காலி உண்டு, பதவி இல்லை.
தினக்கூலிக்குத் தட்டச்சு.
வீட்டுவரி, மின்வாரியம், குடிநீர், ரேஷன்
இனி ஒன்றின் பதிவேட்டை ஒன்று பார்த்துக்கொள்ளும் என்று
சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது.
இத்தனை வருடம் ஒரே கடைத்தெருவில் இருந்தும்
ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத துறைகள்.
சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள்.
தாலி கட்டுவது மட்டும் என் வேலை.

முதல் தகராறு இனிஷியலோடு.
ராம.பெரி.வீர. தண்ணீர்மலை வகையறா.
பெட்டியில் இரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
'ரா' அடித்து ஒரு புள்ளி வைத்தேன்.
மூன்று தலைமுறை அந்தப் புள்ளிக்குள் போய் உட்கார்ந்தது.
வகையறா என்றால் எத்தனை பேர், கேட்டது திரை.
எழுபத்திரண்டு பங்கு.
கோலாலம்பூரில் சிலர், அடையாற்றில் சிலர்,
ஒருவர் பங்காளியே இல்லை என்று தேவகோட்டையில் வழக்கு.
ஒன்று என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து
அடுத்த தெருவில் முடியும்.
முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டுக்குக் கேட்காது,
போன் போட வேண்டும்.
முன்வாசல் எண் பதினான்கு, மூன்றாம் வார்டு.
பின்வாசல் எண் அறுபத்தொன்று, ஐந்தாம் வார்டு.
பதினான்கில் வரி உண்டு, ஆளில்லை.
அறுபத்தொன்றில் பொன்னழகு.
சாவிக்கொத்து அவளிடம், விளக்குமாறும் அவளிடம்.
ஓர் அறை, ஒரு மீட்டர், ஓர் அட்டை,
புருஷன் லாரியோடு போன பிறகு
மாதாமாதம் விதவைப் பணம்.

ஒரு செவ்வாய் மாலை,
கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தபோது
திரை சொன்னது:
இரண்டும் ஒரே கட்டடம். 97 சதவீதம் பொருந்துகிறது.
இணைக்கலாமா?
பொய்யில்லை. மேலிருந்து எடுத்த படத்தில்
ஓடு எங்கேயும் அறுபடாமல் ஓடியது.
இல்லை என்றால் காரணம் எழுத வேண்டும்,
குறைந்தது ஐம்பது எழுத்து.
பஸ் ஐந்தே முக்காலுக்கு.
ஆம் என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை.
அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு.
ராத்திரியோடு ராத்திரியாக
வீட்டுவரி மின்சாரத்திடம் சொன்னது,
மின்சாரம் ரேஷனிடம்.
ரேஷன் போய், காரைக்குடித் தாலுகா ஆபீசில்
அயர்ந்து கிடந்த ஓய்வூதியத்தைத் தட்டி எழுப்பி,
சேதி தெரியுமா,
பொன்னழகுக்கு நாற்பதாயிரம் சதுர அடியில் வீடு.

மூன்றாம் மாதம் வந்தாள்.
வங்கிப் புத்தகத்தை விரித்து என் விசைப்பலகை மேலேயே வைத்தாள்.
"வீடு எம்பேருக்கு ஆயிருச்சாமே,
அப்ப வித்துப்புடலாமா?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இணைக்கப் பொத்தான் இருக்கிறது.
பிரிக்கத் தேடினேன், இல்லை.
உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார்:
"தகவல் சரியாத்தானே சார் இருக்கு?"
சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் சாவி வாங்கி நடந்து பார்த்தேன்.
வெள்ளைத்தாளில் எழுதினேன்:
முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு
இருநூற்றுப் பதினோரு காலடி. நடுவில் ஏழு பூட்டு.
ஏழையும் திறந்து பெருக்குவது மேற்படி பொன்னழகு.
எட்டாவது அறையில்தான் படுக்கிறார்.
செயல் அலுவலர் கையெழுத்து, கோபுர முத்திரை,
முத்திரையில் மை போதாமல் இன்னொரு முறை.

தாலுகா ஆபீசில் சகாயமேரி
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருமுறை படித்தார்.
"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி.
இதை நான் சிஸ்டத்துல எங்க போடுறது?"
எனக்கும் தெரியவில்லை.
மின்விசிறி தாளைத் தூக்கப் பார்த்தது.
அவர் மேசைக் கண்ணாடியை ஒரு கையால் நெம்பி
அடியில் நுழைத்தார்.

அங்கே ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள்.