அறை நான்கு, இரண்டு இரவு, அணில்

கறண்ட் ஒன்பதேகாலுக்குப் போகும்.
அதற்குள்
உப்புவெளி விடுதியின் போன மாதத்துப் பில்கள் பதினாறு,
யதுஷனுக்கு நெடும்பிரித்தல் ஐந்து,
டிலுக்ஷாவுக்குச் சொல்வதெழுதல் பத்து,
எனக்குப் பெறுமானத் தேய்வு, அத்தியாயம் ஏழு.

அரிசி ஏற்கெனவே அடுப்பில்.
அதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெற்றோல் இல்லையென்று பள்ளிக்கூடம் பூட்டி
மூன்றாம் கிழமை.
விடிய நாலு மணிக்கு ஓட்டோவை உருட்டிக்கொண்டு போன மனுசன்
வரிசையில் நூற்றுப் பதினோராவது ஆள்.
ஒரு படம் அனுப்பியிருந்தார்:
முன்னால் நிற்கிற ஓட்டோவின் முதுகு.
'முருகன் துணை' என்று எழுதியிருந்தது.
அதற்குப் பிறகு செய்தி இல்லை.

சாப்பாட்டு மேசை ஒன்றுதான்.
ஒரு மூலையில் விடுதியின் மடிக்கணினி,
மற்ற மூலையில் கொப்பிகள்,
நடுவில் எப்போதோ சூட்டோடு சட்டி வைத்த கறுப்பு வட்டம்.
ரீச்சர் வட்சப்பில் அனுப்பிய குரல்
"பிள்ளைகள், இப்போது எல்லாரும்..." என்றதோடு
சுற்றத் தொடங்கிற்று.

"ரீச்சர் இப்பிடிச் சொல்லித் தாறேல்ல" என்றான் யதுஷன்.
எந்த ரீச்சரும் தேங்காய் துருவிக்கொண்டு
பிரித்தல் சொல்லித் தந்திருக்கமாட்டா.
மீதியை எங்க வைக்கிறது, அம்மா?
கீழ வை.
வச்சிட்டன், இன்னும் மீதி வருது.
இன்னும் கீழ.

"அணில்" என்றேன் மகளுக்கு.
நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினாள்.
இந்த 'ண'வுக்கு எத்தனை சுழி?
மூன்று.
"ஆமை" என்றேன். ஆட்கள் இரண்டு, காலைச் சாப்பாடு உண்டு.
"இலை" என்றேன். கழிவு ஐந்து வீதம்.
விரல்கள் எந்தக் காதால் கேட்கின்றன என்று
எனக்குத் தெரியாது.
பதினாறையும் ஒன்றாய் அனுப்பினேன்.
அதோடு டேற்றா முடிந்தது.

அப்போதுதான் மான் வந்தது.

கோட்டைப் பக்கத்து மான்கள்
எங்கள் ஒழுங்கைக்குப் புதுசில்லை.
கேற் திறந்து கிடந்தால்
வாடகை வாங்க வந்த ஆள் மாதிரி உள்ளே வரும்.
வெளி விறாந்தைக் கதிரையில்
காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்திருந்த என் குறிப்புகளை
கல்லை மட்டும் தள்ளிவிட்டு
ஆறுதலாய்ச் சப்பியது.
பிள்ளைகள் இரண்டும் கை தட்டின.
விளக்குமாற்றோடு ஓடினேன்.
திரும்பிப் பார்த்தது,
வாயோரத்தில் என் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை சோதினை.
மண்டபத்துக்கு எதில் போவது என்பது வேறு கணக்கு.
படியில் குந்தியிருந்து அழலாம் என்று நினைத்தேன்.
சோறு பொங்கி வழிந்தது,
அதைப் பார்க்கப் போனேன்.

குசினிவரைக்கும் யதுஷனின் குரல் வந்தது:
"நேர்கோட்டு முறை.
வாங்கின விலையில மிச்சப் பெறுமதியைக் கழி.
எத்தின வருசம் உழைக்குமோ, அதால பிரி."

ஒரு மாதமாய் இரவில் நான் முணுமுணுத்தது.
நித்திரை என்று நினைத்திருந்தேன்.

"அப்பாட ஓட்டோவுக்குச் செய்து பாக்கட்டா?"
பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் செய்தான்.
ஆறு லட்சத்து நாற்பதாயிரம்,
அதில் ஒரு லட்சம் கழித்து
ஒன்பதால் பிரித்தான்.
வருசம் அறுபதாயிரம்.
காலையிலிருந்து முதல்முறையாக
மீதி வரவில்லை.

பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டான்:
"லைன்ல சும்மா நிக்கிற நாளுக்கும் தேயுமா?"

அத்தியாயம் ஏழில் அது இருந்ததா என்று
மானைத்தான் கேட்கவேண்டும்.

காற்றாடி மெல்லச் சுற்றி நின்றது.
ஒன்பதேகால்.
போன் அடித்தது, முகாமையாளர் நவ்பர்.

"தங்கச்சி, நாலாம் அறைக்கு
ரெண்டு இரவு, அணில் எண்டு போட்டிருக்கு.
அதுக்கு எவ்வளவு எடுக்கிறது?"

எனக்கு வாய் வரவில்லை.
டிலுக்ஷா மேசைக்கு மேலால் எட்டி
போனுக்குள் கத்தினாள்:
"மூண்டு சுழி போட்டிருக்கா, பாருங்கோ!"